காந்தம் ஒட்டாத இடம்

பண்ருட்டியிலிருந்து வண்டி பார்க்க வந்த குணாளன்
சட்டைப்பையில் காந்தம் வைத்திருந்தார்.
பழைய ஸ்பீக்கரில் கழற்றியது,
கைக்குட்டையில் சுற்றியிருந்தது.

முதுநகரில், ஐஸ் கம்பெனி வாசலில்
நின்றது என் நீல வண்டி.
இரண்டு நாள் சோப்புப் போட்டுக் கழுவியும்
ஒரு பூனை அதன் அடியை விட்டு
எழுந்து போவதாயில்லை.

பானட்டில் வைத்தார். டக்.
பிடித்துக்கொண்டது.
கேபின் கூரையில் வைக்கக் கை தூக்கியவர்
வைக்காமலே இறக்கினார்:
பெயிண்ட் அங்கே அப்பளமாகக் கொப்பளித்திருந்தது.
வாங்கிய ஏழாம் மாதமே அப்படி.
ஷோரூமில் கேட்டதற்கு,
"உப்புக் காத்தும்மா, வாரண்டியில வராது" என்றார்கள்.
கடலுக்கு வாரண்டி இல்லையென்று
அன்றைக்குத்தான் தெரியும்.
தவணைக்காரன் மட்டும்
காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதென்று
ஒரு மாதமும் கேட்டதில்லை.

இடது கதவைச் சாத்தினார். சாத்தவில்லை.
மறுபடி, ஓங்கி. சாத்தவில்லை.
நான் போய்
லேசாகத் தூக்கி, தள்ளி,
இடுப்பால் ஓர் இடி.
"பழகிடும்" என்றேன்.
சின்ன நோட்டில் ஏதோ எண் எழுதினார்.

மழைக்கு ஒழுகுமா என்று கேட்டார்.
கண்ணாடி ரப்பர் மேல் மூலையில் சுருங்கி
ஒரே ஒரு சொட்டு, குறி வைத்தாற்போல
பக்கத்து சீட்டுக்காரர் முட்டியில்.
ஐப்பசியில் என் மகள் யாழிசை
டம்ளர் பிடித்தபடி உட்கார்ந்து வருவாள்.
நெய்வேலி மார்க்கெட் போவதற்குள்
இரண்டு டம்ளர்.
அதையெல்லாம் சொல்லவில்லை.
"லேசா" என்றேன்.

தொட்டிக்குள் குனிந்தார்.
ஐஸ் தண்ணீர் தின்ற தகட்டில்
ஒரு துளை வழியே ரோடு தெரிந்தது.
"மீன் வாசம் போகுமா?"
"பலாப்பழம் ஏத்துங்க,
ரெண்டும் சண்டை போட்டுக்கும்."
சிரிக்கவில்லை மனுஷன்.

பிறகு வலது பக்கம் போனார்,
பின் சக்கரத்துக்கு மேலே.
காந்தத்தை வைத்தார்.
விழுந்தது.
எடுத்துத் துடைத்து இன்னொரு தரம் வைத்தார்.
விழுந்தது.
"இங்க பூரா பட்டி" என்றார்,
நாடி பிடித்த வைத்தியர் குரலில்.

"மாடு முட்டிடுச்சு."
இந்தப் பொய்யை
முந்தின நாளே யோசித்து வைத்திருந்தேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை.
என் பின்னாலிருந்த
ஐஸ் கம்பெனித் தூணைப் பார்த்தார்.
இடுப்பளவு உயரத்தில், சுண்ணாம்பைச் சீவிக்கொண்டு,
ஒரு முழ நீளத்துக்கு
நீலக் கோடு.

டிரைவர் கதிரொளி சொல்லாமல் கொள்ளாமல்
திருப்பூருக்கு ஏறிப் போன வருஷம் அது.
தடைக்காலம்,
விசைப்படகெல்லாம் கரையில் கிடந்த அறுபத்தோரு நாள்.
ஏலம் இல்லை, லோடு இல்லை,
ரோட்டில் குறுக்கே வர ஆளும் இல்லை.
நானே ஓட்டக் கற்றுக்கொண்டேன்.
முன்னால் போவது மூன்று நாளில் வந்துவிட்டது.
பின்னால் வருவதைத்தான்
இந்தத் தூண் சொல்லிக்கொடுத்தது.

"மாடு நீலமா இருந்துச்சோ?" என்றார் குணாளன்.

அதற்குமேல் என்னத்தைப் பேச?
எட்டாயிரம் குறைத்தார்.
நான் மூன்று ஏற்றினேன்.

பின்கதவுக் கொண்டி போய் மூன்று வருஷம்.
நைலான் வலைக்கயிறுதான் கட்டு.
பாண்டிக்கு லோடு இறக்கித் திரும்பினால்
ஆல்பேட்டை செக்போஸ்டில்
பாட்டில் தேடித் திறக்கச் சொல்வார்கள்;
அவிழ்க்கத் தெரியாமல்
"போ, போ" என்பார்கள்.
அந்த முடிச்சை
இரண்டு தரம் போட்டுக் காட்டினேன்.
மூன்றாம் தரம்
போனில் வீடியோ எடுத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை பெரிய வண்டி வந்தது.
வெள்ளை. மாலை போட்டு,
எலுமிச்சம்பழம் நசுக்கி,
தூணிலிருந்து நாலடி தள்ளி நிறுத்தினேன்.
கதவு ஒரு விரலில் சாத்திக்கொண்டது.

காற்று
கிழக்கிலிருந்து வந்துகொண்டிருந்தது.