வெயிலுக்குக் கம்பளி

இரவுப் பணி முடிந்து
ஏழேகாலுக்குத் தஞ்சாவூரில் பஸ் ஏறினால்
எட்டு மணிக்குச் சாலியமங்கலம்.
பத்துக்கெல்லாம் என் வீட்டுத் தகரம் விழித்துக்கொள்ளும்.
கஜாவில் ஓடு பறந்த பிறகு போட்டது.
டிக் டிக்கென்று அது விரியும்,
கீழே நான் சுருங்குவேன்.

பகலில் தூங்குகிறவளுக்குச் சித்திரை
ஒரு மாதமில்லை, ஒரு வார்டு.

தடுப்பூசிப் பெட்டியிலிருந்து கழித்த வெப்பமானியைக் கொண்டுவந்து
கட்டிலுக்கு மேல் மாட்டினேன்.
மதியம் இரண்டுக்கு நாற்பத்தொன்று.
இந்தச் சூட்டில் ஒரு குழந்தை வந்தால்
ஈரத்துணி போடுவோம், டாக்டரைக் கூப்பிடுவோம்.
அறைக்கு யாரைக் கூப்பிடுவது?

சம்பா அறுத்த வயலில் கிடை போட்டிருந்தார் மருதை.
கொள்ளிடத்துக்கு வடக்கேயிருந்து ஓட்டிவந்த கருப்பாடுகள்.
கத்தரித்த ரோமம் வரப்போரம் குவிந்து கிடந்தது,
முடிவெட்டும் கடையின் மூலை மாதிரி.
"கம்பளிக்காரன் மூணு வருசமா வரல.
தீ வெச்சா நாறுது, ஆனா பத்த மாட்டேங்குது."
இந்த வெயிலில் எப்படித்தான் சுமந்ததோ என்றேன்.
அவருக்குச் சிரிப்பு.
"மயிரு இருந்தவரைக்கும் நடுவயல்ல மேஞ்சுது.
மழிச்ச பெறகுதான் நெழல் தேடுது."

பற்றாத ரோமம்
என்னைப் பற்றிக்கொண்டது அந்த இடத்தில்தான்.

பதினொரு சாக்கு.
வெண்ணாற்றில் மணல்தான் ஓடிக்கொண்டிருந்தது.
ஆரோக்கியத்தின் போர்செட் தொட்டியில்
பூந்திக்கொட்டை கரைத்து அலசினேன்.
முதல் தண்ணீர் கருப்பு, இரண்டாவது சேறு,
நான்காவதில் கடைசிப் பந்திக் காப்பி.
மருத்துவமனைச் சோப்பில் வெடித்த என் விரல்களை
ஆட்டின் எண்ணெய் கேட்காமலே பூசி மூடியது.
நெருஞ்சி பொறுக்கி, உலர்த்தி, பிய்த்து,
அந்து அண்டாமல் வெங்காரம் தூவி,
யூரியா சாக்குகளைத் தைத்து
மூங்கில் பிளாச்சில் கட்டி
தகரத்துக்கு அடியில் இன்னொரு வானம்.
இதயராஜ் ஏணியில் நின்று திணித்தான்.
அமுக்காதே, அமுக்காதே என்று கத்தினேன்.
தடுப்பது ரோமமில்லை தம்பி,
அதற்குள் மாட்டிக்கொண்ட காற்று.

சித்திரையில் கம்பளி போர்த்துகிறாளாம்,
காய்ச்சலா என்று கேட்டது தெரு.
எனக்கில்லை,
வெயிலுக்குப் போர்த்தியிருக்கிறேன்.

முப்பத்தைந்து.
இரண்டு மணிக்கு முப்பத்தைந்து!
செத்தவள் மாதிரித் தூங்கினேன் ஒன்பது நாள்.

பத்தாம் நாள், வாசலில் உளுந்து காய்ந்துகொண்டிருந்தது,
பங்கில் வந்த இரண்டு மூட்டை.
முன்பென்றால் முதல் துளிக்கே
தகரம் பறையடித்து எழுப்பியிருக்கும்.
கோடை மழை
மூன்றரைக்கு வந்து நாலரைக்குப் போனதாம்.
எனக்கு ஒரு சொட்டும் கேட்கவில்லை.

விழித்தபோது அறையெல்லாம் ஆட்டு நாற்றம்.
ஈரத்தில் ரோமம் வாடை அடிக்கிறது என்று நினைத்து
முகத்தைத் திருப்பிப் படுத்தேன்.
பிறகு அது செருமியது.

கதவைத் திறந்தால்
மழித்த உடம்போடு நாற்பது ஆடுகள்,
இறவாரத்தில் ஒன்றோடொன்று ஒட்டி நடுங்கியபடி
ஊறிய உளுந்தை
தோல் நீங்க மென்றுகொண்டிருந்தன.

மருதை கோலை ஓங்கினார், இறக்கினார்.
ரோமத்துக்கு அவர் விலை கேட்டதில்லை.
உளுந்துக்கு நான் சொல்ல முடியுமா?
மிஞ்சியதை முறத்தில் அள்ளினேன்.
அவர் போகவில்லை. துண்டைப் பிழிந்துகொண்டே நின்றார்.
"பச்சை உளுந்து, வவுறு உப்பிக்கும் நர்சம்மா.
மாத்திர எதுவும் இருக்கா?"

அடுப்படிக்கு மேல் ஒரு தகரத்தில் மட்டும்
மறுநாள் ரோமத்தைப் பிரித்துவிட்டேன்.
மழை வந்து தட்ட ஓர் இடம் வேண்டாமா.
அங்கே முப்பத்தொன்பது காட்டுகிறது.
பரவாயில்லை,
அங்கே யார் தூங்கப் போகிறார்கள்.