ஆறுக்கு ஒன்பது

மங்காஃபில் எங்களுக்கு மூன்றாம் மாடி.
இரண்டாம் மாடியில் மெர்லிண்டா,
இரவுப் பணி நர்ஸ்.
ஒருநாள் பகல் பதினொன்றரைக்குப்
போர்த்திய போர்வையோடே படியேறி வந்தாள்.
சண்டை போடவில்லை.
நிலவனின் பாதங்களைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.
"இத்தனை சின்னதா?"
என்று மட்டும் கேட்டுவிட்டு இறங்கிப் போனாள்.

அந்த வெள்ளியே ராய் சந்தைக்குக் கிளம்பினோம்.
போகுமுன் கூடத்தில்
செய்தித்தாள்களை ஒட்டிப் பரப்பினார் இவர்.
ஆறடிக்கு ஒன்பதடி.
சோபாவின் முன்கால்கள் ஏறி நிற்க வேண்டும்,
பின்கால்கள் தரையிலேயே இருக்கட்டும்,
கதவு திறந்தால் தட்டக் கூடாது.
நிலவன் ராசிபலன் மேல் ஓடிப் பார்த்தான்.

தகரக் கூரைக்குக் கீழே மலைமலையாய்ச் சுருள்கள்,
யார் யாரோ காலி செய்துபோன தரைகள்.
எனக்கு ஒரு வெளிர்மஞ்சள் பிடித்திருந்தது.
கடைக்காரர் பக்தியார்
என் மகனைப் பார்த்தார், வெளிர்மஞ்சளைப் பார்த்தார்,
பேசாமல் அதைச் சுருட்டி வைத்தார்.
மாதுளைச் சிவப்பில் ஒன்றை உதறி விரித்து
"முகத்தைப் பார்த்து வாங்காதே, முதுகைப் பார்."
புரட்டினால் அங்கேயும் அதே பூ,
சற்று மங்கலாய், முடிச்சு முடிச்சாய்.
ஓர் இழை பிடுங்கி லைட்டரில் காட்டினார்.
மயிர் கருகும் வாடை. கம்பளிதான்.
இருபத்தெட்டு தினாரில் தொடங்கியது பத்தொன்பதில் நின்றது.

வண்டியில் ஏற்றும்போது கேட்டார்:
அழகுக்கா?
சத்தத்துக்கு, என்றேன்.
சிரித்தார்.
"சத்தத்தைக் குடிப்பது இதுவல்ல,
இதற்கு அடியில் போடுவது" என்று
விரல் தடிமனில் ஒரு சாம்பல்நிற ஃபெல்ட்டை
மூன்று தினாருக்குத் தலையில் கட்டினார்.

முதல் மூன்று மாதம் அது முடி உதிர்த்தது,
பிள்ளை பெற்ற பின் நான் உதிர்த்தது போல.
குஞ்சத்தின் மேல் வாக்குவம் ஏறக் கூடாது என்பதை
ஒரு மூலையைப் பறிகொடுத்துக் கற்றேன்.
வத்தக்குழம்பு கொட்டிய இரவு
இவர் தேய்க்கப் போனார், கையைத் தட்டிவிட்டேன்.
தேய்த்தால் இறங்கும். ஒற்றினால் ஏறும்.
பழைய பனியன், குளிர்ந்த தண்ணீர், ஒரு மணி நேரம்.
கறை இன்னும் இருக்கிறது,
கொட்டியவருக்கு மட்டும் தெரிகிற மாதிரி.

தூசிக்காற்று ஓய்ந்த மறுநாள்
ஹாரிஸிடம் மொட்டைமாடிச் சாவி வாங்கி
கைப்பிடிச் சுவரில் போட்டு அடித்தால்
எல்லை தாண்டி வந்த மண் கொட்டும்.
மேற்கு ஜன்னல் வெயில் ஒரே பக்கத்தைத் தின்பதால்
ஆறு மாதத்துக்கு ஒருமுறை தலைமாற்றிப் போடுவோம்.
நான்கு முறை போட்டாயிற்று.
மெர்லிண்டா மறுபடி மேலே வரவேயில்லை.
வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொன்னேன்,
அடியில் போடுவதில்தான் இருக்கிறது சூட்சுமம் என்று.

ஐந்தாவது முறைக்கு முந்தைய வாரம் வந்தாள்.
ஒப்பந்தம் முடிந்து ஊருக்குப் போகிறாளாம்,
கட்டிலைக்கூட விற்றுவிட்டாளாம்.
செருப்பை வாசலில் விட்டு
கம்பளத்தின் நடுவில் வந்து நின்றாள்.
"இதுதானா அது."
நிலவன் கையில் தன் வீட்டுச் சாவியைக் கொடுத்து
"கட்டில் இருந்த இடத்தில் போய் நின்று கேள்" என்றாள்.
ஒரு மாடிதானே, விட்டேன்.

அவள் குதித்தாள்.
ஒருமுறை. பிறகு இரண்டு.
பிறகு முழங்கால் வலியைப் பிடித்துக்கொண்டு ஓடினாள்,
சோபாவிலிருந்து டிவி வரை,
அவன் ஓடுகிற அதே தடத்தில்.

படிகளில் திமுதிமுவென ஏறி வந்தான்.
"கேட்டுச்சு! நல்லா கேட்டுச்சு!"

நான் மெர்லிண்டாவைப் பார்த்தேன்.
குஞ்சம் போன மூலை மடங்கிக் கிடந்தது,
அதைக் கால்விரலால் நேராக்கிக்கொண்டிருந்தாள்.
"தெரியும்" என்றாள்.
"பதினொன்றுக்குத் தொடங்குவான்.
பன்னிரண்டே காலுக்குச் சாப்பாடு.
நடுவில் ஒரே ஒரு தடவை விழுவான்,
அழ மாட்டான்."