பதினோராம் எபிசோட்

இருபதாவது கொண்டை ஊசியில்
ஜெனரேட்டர் வண்டி நின்றுவிட்டது.
பேய்மானியை மடியில் வைத்துப் போனோம்.
செவ்வாய்ப்பேட்டையில் வாங்கியது, பேரம் பேசி.
பங்களாவில் ஒரேயொரு முறை கத்தியது,
ஃப்ரிட்ஜ் பக்கத்தில்.

மூடுபனி, சில்வர் ஓக், உடைந்த சன்னல்:
இயக்குநருக்குப் போதவில்லை.
"ஏதாச்சும் கேக்குதா செங்கோடா?"

கேட்டது.
ஹெட்போனுக்குள் ஒரு பெண் அழுதாள்.

காப்பி உலர்த்தும் களத்தில்
போனைக் காதில் வைத்தபடி பெனிட்டா.
கேமரா முன் பயப்படவே பயப்படாதவள்.
காலர் மைக்கை அணைக்க மறந்திருந்தாள்.

ஞாயிறு ஒன்பதரைக்கு
அதே அழுகை, பாதி வேகத்தில்.
கீழே சிவப்பெழுத்து:
"எஸ்டேட் துரைசானியின் குரல்!"
சேலம் லாட்ஜ் அறையில் எல்லோரும் கைதட்ட,
முழங்கையைத் தேய்த்துக்கொண்டே
பெனிட்டா கேட்டாள்:
"யார்றா இவ,
இப்படி அழறா?"

நான் பேட்டரி மாற்றிக்கொண்டிருந்தேன்,
நேற்றுத்தான் மாற்றிய பேட்டரியை.