சிவப்பின் விலை

புளியரை செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம்
தக்காளி ஷெட்டில் பில் எழுதுகிறேன்.
கொல்லம் போகும் பெட்டி, புனலூர் போகும் பெட்டி,
பழம், செங்காய், காய்.
கண்தான் தராசு.

ஓர் ஆடியில்
வலது கண்ணை உருட்டினாலே வலி.
பழமெல்லாம் செங்கல்பொடி பூசினாற்போல்.
தென்காசியில் கண்ணாடி கொடுத்தார்கள்.
ஆறு வாரத்தில் நிறம் தானாகவே
முக்கால்வாசி திரும்பிவிட்டது.
கண்ணாடி பீரோவில் கிடக்கிறது,
ஆயிரத்து எண்ணூறு ரூபாய்.

மறு வருஷம் பங்குனி.
செருப்பு கழன்றது தெரியாமல்
லாரி வரைக்கும் போயிருக்கிறேன்.
குனிந்து பெட்டி எண்ணினால்
பிடரியிலிருந்து குதிகால் வரை கரண்ட்.
சுவரைப் பிடித்து நடந்ததைப் பார்த்து
முதலாளி மருமகன் கேட்டான்:
"என்ன வடிவு, காலையிலேயேவா?"
சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.
குடித்திருந்தால் சாயங்காலம் தெளிந்திருக்கும்.

திருவனந்தபுரத்தில் ஒரு டாக்டரம்மா
சிவப்பு மூடி ஒன்றைத் தூக்கிக் காட்டி
பாதித் தமிழில் கேட்டார்:
"இடது கண்ணுக்கு இது நூறு ரூபாய்ச் சிவப்பு.
வலது கண்ணுக்கு எத்தனை?"
அறுபது என்றேன்.
மொத்தமாக எடுத்தால் ஐம்பத்தஞ்சு.

ஸ்கேனில் வெள்ளைப் புள்ளிகள்.
முதுகில் குத்தி நீர் எடுத்தார்கள்.
வேறு வேறு இடத்தில், வேறு வேறு காலத்தில்
அடி விழுந்திருந்தால்தான்
இந்தப் பெயர் வைப்பார்களாம்.
பில்லும் அப்படித்தான்,
இடமும் தேதியும் இல்லாமல் வண்டி நகராது.
மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்.
ரசீதில் இரண்டு வரி பிடிக்கும்.

காவலுக்கு நிற்கும் அணுக்களே
நரம்பின் உறையை அரிக்கின்றன என்றார்.
உள்ளூர் வண்டியையே மறிக்கிற
செக்போஸ்ட் மாதிரியா என்றேன்.
யோசித்துவிட்டுச் சொன்னார்,
"ஆனால் கைக்கூலி வாங்காது."

குணமாகாது.
அடுத்த அடியைத் தள்ளிப்போடலாம்.
டீக்கடை ஃப்ரிட்ஜில்
மோர் பாக்கெட்டுகளுக்குப் பின்னால் இருக்கின்றன
என் ஊசிகள்.

பதினோரு மணிக்கு மேல்
தகரக் கூரை காய்ந்தால்
எண்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறும்.
அந்நேரம் ஷைஜுவின் மீன் லாரி மலையிறங்கும்.
ஒரு கட்டி ஐஸ் தருவான்.
எதற்கென்று கேட்டதில்லை.
துண்டில் சுற்றிக் கழுத்தில் போட்டுக்கொள்வேன்.
மத்தி வாடையோடு எண்கள் இறங்கி
வரிசையில் நிற்கும்.
பூனை ஒன்று மத்தியானம் முழுக்க
என் பாதத்தின்மேல் படுத்திருக்கும்.
சில நாள் அது இருப்பதே தெரியாது,
பார்த்தால்தான்.

ஷெட்டைப் பூட்டுமுன் ஒரு பழத்தை எடுத்து
இடது கண்ணை மூடிக்கொள்கிறேன்.
பில் புத்தகத்தின் கடைசித் தாளில் எழுதுகிறேன்.
நேற்று எழுபத்தெட்டு.
இன்று எண்பத்திரண்டு.
ஆரியங்காவில் மழை இறங்கியிருக்கும்.