மூன்றாம் நம்பர் பம்ப்

எங்களுக்கு நீல ரீசேட்,
மேன்பவர் ஆக்களுக்கு மஞ்சள்.
சீனக்குடா ஆலையில்
யாருக்கு எதைச் சொல்லித்தரலாம் என்பது
வாசலிலேயே தெரிந்துவிடும்.

புதன்கிழமைப் பயிற்சிக்குக்
கதிரை அடுக்குபவன் அஜ்வத்.
முடிந்ததும் வெண்பலகையை அழிக்க வருவான்,
கொஞ்சம் சுணங்கித்தான் அழிப்பான்.

பதினோராம் மாதம்
டெண்டர் வேறு கம்பெனிக்குப் போனது.
சாப்பாட்டுப் பெட்டியோடு அவன் கேற்றைத் தாண்டியதை
நான் காணவில்லை. எனக்கு அன்று ஒன்லைன் பரீட்சை.
எண்பத்தாறு புள்ளி,
சான்றிதழில் என் பெயரில் ஓர் எழுத்துப் பிழை.

பெருநாளுக்கு முதல் இரவு
மூன்றாம் நம்பர் பம்ப் கத்தத் தொடங்கியது.
கையேட்டில் பதினேழு காரணங்கள்.
புதிய மஞ்சள் பெடியன் என் முகத்தைப் பார்த்தான்,
நான் கையேட்டைப் பார்த்தேன்.

அஜ்வத் இப்போது நிலாவெளியில்,
ஹோட்டலில் துவாய் மடிக்கிறான்.
"ஃபோனப் பம்புக்குக் கிட்டப் பிடிங்க மிஸ்."
பிடித்தேன்.
அந்தப் பக்கம் கடல். யாரோ சிரிக்கிற சத்தம்.
"கூழாங்கல் அரைபடுற மாதிரிக் கேக்குது.
உறிஞ்சுற பக்கத்து வலையக் கழட்டிப் பாருங்க."

அரை வாளி பாசி, மட்டி ஓடு.
பம்ப் அடங்கிற்று.

அறிக்கையில் 'சீர்செய்தவர்' என்ற கட்டத்தைத் தொட்டால்
நீலப் பெயர்கள் மட்டும்தான் விரிகின்றன.
என் பெயரைப் போட்டேன். வேறென்ன செய்ய.

அவன் இன்னும் லைனில் இருந்தான்.
"மிஸ், இதுக்குப் பலகையில ஒரு பேர் கிடந்திச்சே,
பாதி அழிச்ச பிறகுதான் கண்டன்."

"கேவிட்டேஷன்."

"வெச்சிராதீங்க,
பேனை எடுக்கிறன்."