முன்சில்லு

கல்முனை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே கோழிக் கடை.
கோப்பைக்கு ஒரு ஸ்டிக்கர், பெட்டிக்கு இரண்டு.
ஆறு துண்டும் சேர்ந்தால்
சிவப்பு மோட்டார் சைக்கிள்.

டாங்கி எல்லாரிடமும் உண்டு.
ஹேண்டில் மலிந்துபோய்
பாண்டிருப்புப் பொடியன்கள் நெற்றியில் ஒட்டிக்கொண்டு திரிகிறார்கள்.
"சீட் ரெண்டு தாறன், சைலன்சர் ஒண்டு தாங்க"
மேசை மேசையாகக் கேட்கிறார்
சாய்ந்தமருது ஹஸ்மீர் நானா.
சீனி வருத்தக்காரர்.
மூன்றாவது கோலாவும் குடித்தாயிற்று.

முன்சில்லு மட்டும் ஒருத்தரிடமும் இல்லை.
இந்த மாதம் முழுக்க எங்கள் டவுன்
முன்சில்லு இல்லாமல்தான் ஓடுகிறது.

நான் மேசை துடைக்கிறவள்.
ஊழியருக்கும் குடும்பத்தாருக்கும் பரிசில்லை என்று
பெட்டியில் பொடி எழுத்தில் இருப்பதை
மனேஜர் பெரிய எழுத்தில்
எங்கள் அறைக் கதவில் ஒட்டியிருக்கிறார்.

செவ்வாய்க்கிழமை ஊரெல்லாம் கரண்ட் இல்லை.
எங்களிடம் ஜெனரேட்டர்.
போன் சார்ஜ் போடவென்று வந்த ஒருவன்
கடமைக்கு ஒரு கோலா வாங்கி
பாதி வைத்துவிட்டுக்
கிறுகியும் பாராமல் போனான்.
ஸ்டிக்கர் உரிக்காத கோப்பை.

குப்பை வாளிக்கு மேலே பிடித்து உரித்தேன்.
கறுப்பு டயர், வெள்ளிக் கம்பிகள்,
ஓரத்தில் கொஞ்சம் சோஸ்.

ஹஸ்மீர் நானா நாலாவது கோலாவுக்கு
லைனில் நின்றார்.
கூப்பிட வாய் எடுத்தேன்.
மறுகா, கூப்பிடவில்லை.

இரவு பத்தரை.
பெரியநீலாவணை வரைக்கும் றோட்டில் மழைத்தண்ணி.
மட்கார்டை முந்தானையால் துடைத்து
அழுத்தி ஒட்டினேன்.
முப்பத்தோராம் தேதிக்குப் பிறகு
அது வெறும் படம்.
அதுவரைக்கும்
என் சைக்கிளுக்கு மூன்று சில்லு.