முப்பத்திரண்டாம் வளைவு

விர்ஷிச் கணவாய், முப்பத்திரண்டாம் வளைவு.
மிதித்தேன். பிரேக்
சேற்றில் இறங்கிய கால்போல
ஆழம் பார்த்துக்கொண்டே போனது.
இரண்டாம் மிதியில்தான் பிடித்தது,
அதற்குள் கல்தடுப்பு
வலக்கதவின் சிவப்பைக் கொஞ்சம் வாங்கிக்கொண்டது.

பிரேக் ஆயில் ஈரம் குடிக்கும்.
நான்கு வருடமாய் மாற்றவில்லை;
நான்கு பனிக்காலத்து ஈரமும் உள்ளே.
இறக்கத்தில் சூடேறிக் கொதித்தது.
ஆவியை மிதித்தால் கார் நிற்குமா?

சனிக்கிழமை கொட்டகையில்
நான்கு முட்டுகளின் மேல் என் பழைய மாஸ்டா.
சக்கரமில்லாமல் பார்க்க
பல்செட்டைக் கழற்றி வைத்தவர் முகம்.
பழைய ஷாக் அப்சார்பரை அமுக்கினேன்,
உள்ளே போனது
திரும்பி வரவில்லை.
புஷ் ரப்பர்களில் வெடிப்பு.
முன் டிஸ்க்கில் நீலம்,
வெந்த இரும்புக்கு மட்டும் வரும் நீலம்.
ஒரு போல்ட் வரமாட்டேன் என்றது.
எண்ணெய் விட்டேன், தீ காட்டினேன், திட்டினேன்.
மதியம் இரண்டு மணிக்கு
திட்டு வேலை செய்தது.

புதிய ஸ்பிரிங் குட்டை, கறார்.
எஃகு பின்னிய பிரேக் குழாய்கள்.
இரண்டு மாதத் தபால்காரச் சம்பளம்
ஒரு பெட்டிக்குள் வந்திருந்தது.
நானே எனக்கு டெலிவரி செய்து
நானே கையெழுத்திட்டேன்.

எல்லாம் மாட்டியாயிற்று. காற்றெடுக்க மட்டும்
இரண்டு பேர் வேண்டும்,
அடியில் ஒருவர், மிதியில் ஒருவர்.
ஆல்யோஷா போனை எடுக்கவில்லை.
இரவு ஒன்பதுக்கு
எதிர்வீட்டு வில்மா ஸ்குபின் அம்மாள்
கை கட்டி வாசலில் நின்றார்:
"இப்போது என்ன சத்தம்?"

என் சைலன்சர் பற்றி நகராட்சிக்கு
அவர் எழுதிய மூன்று புகார்களையும்
கொண்டுபோய்ச் சேர்த்தவன் நான்தான்.
ஒட்டிய உறை, நேர்த்தியான கையெழுத்து, சரியான தபால்தலை.
அந்த மனுஷியிடம் கேட்டேன்:
"ஐந்து நிமிடம் மிதிக்க முடியுமா?"

காலணியைக் கழற்றி
ஜோடியாக ஓரம் வைத்தார்.
நாற்பத்தொரு வருடம்
தேவாலயத்து ஆர்கன் மிதிகளில் நடந்த பாதங்கள்.

மிகத் தொலைவான சக்கரம் முதலில், பின்வலம்.
மிதியுங்கள்.
பிடியுங்கள்.
நிப்பிளைத் திறந்தேன்; கண்ணாடிக் குழாயில்
காப்பி நிறத்தில் பழசு வந்தது, கூடவே குமிழி.
மூடினேன்.
விடுங்கள்.

மிதியுங்கள். பிடியுங்கள். விடுங்கள்.

மூன்றாம் சக்கரத்தில், நான் திறப்பதற்கு முன்பே
மேலிருந்து குரல்:
"இன்னும் இருக்கிறது. சின்னதாக ஒன்று."
திறந்தேன்.
கடுகளவு குமிழி ஒன்று
தலைகுனிந்து வெளியேறியது.

மணி பதினொன்று. அவர் போகவில்லை.
சக்கரம் மாட்டித் தரையில் இறக்கி
அதன் பிறகே கீழ்க்கை போல்ட்டுகளை முறுக்கினேன்.
"இதை முன்பே செய்திருக்கலாமே?"
"அந்தரத்தில் தொங்கும்போது இறுக்கினால்
தொங்குவதே இயல்பென்று ரப்பர் நம்பிவிடும்.
தரையில் நிற்கிற நாளெல்லாம் முறுகி முறுகிக் கிழியும்.
தன் எடை தன்மேல் உட்கார வேண்டும். பிறகு இறுக்கம்."
ஒன்றும் சொல்லாமல்
விளக்கைக் கொஞ்சம் கிட்டே பிடித்தார்.

ஞாயிறு விடியல், சோச்சா ஆற்றோரச் சாலை.
எண்பதிலிருந்து இருபதுக்கு,
முழுதும் நிறுத்தாமல், பத்து முறை.
புது பேடுகள் டிஸ்க்கோடு பழக வேண்டும்;
கருகும் பிசின் நாற்றம் வந்தால் பழகுகின்றன.
பிறகு முப்பத்திரண்டாம் வளைவு.
மிதி விரற்கடை இறங்கி
கல்லாக நின்றது.
கல்தடுப்பில் என் சிவப்பு இன்னும் இருந்தது.
அது என் பக்கம் வரவில்லை, நானும் போகவில்லை.

புதன்கிழமை, தபால் பையில்
நகராட்சிக்கு வில்மா அம்மாளின் நான்காம் புகார்.
இம்முறை உறை இல்லை.
அஞ்சலட்டை,
கொண்டுபோகிறவன் படிக்கலாம் என்பதுபோல:

"சத்தம் குறையவில்லை.
பிரேக் பற்றி எனக்குப் புகார் இல்லை."